கல்லீரலில் கொழுப்பு: மாத்திரையா, மூலிகையா, எடையா?

போன ஆவணியில் திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் நான்கு சாமான்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தார். பச்சை நிற வைட்டமின் ஈ குளிகை ஓர் அட்டை, மில்க் திசில் மாத்திரை டப்பா ஒன்று, மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் கலந்த குளிகை இன்னொரு டப்பா, ஈரத்துணியில் சுற்றிய கீழாநெல்லி ஒரு கட்டு. பக்கத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்.

“வாங்கின மூணுலயும் ஆன்டி-ஆக்சிடன்ட்னுதான்டா சொல்றாங்க. கீழாநெல்லி அம்மா குடுத்து விட்டது. எதை முதல்ல ஆரம்பிக்கட்டும்?” என்று கேட்டார்.

அண்ணனுக்கு 46 வயது. பாத்திரக்கடை வைத்திருக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. எடை 84 கிலோ. ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருந்தது. கல்லீரல் செல் சேதப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 88, எஸ்.ஜி.ஓ.டி. 52, தட்டணுக்கள் 2.2 லட்சம், மூன்று மாதச் சர்க்கரை 6.1. நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். அன்று ராத்திரி அவரிடம் சொன்னதையும், அப்புறம் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடை வாசலில் நிற்கிறவர்கள் இன்றைக்கு நிறையப் பேர். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

முறுக்கு டப்பாவும் கல்லீரலும்

முறுக்கு டப்பாவை மாதக்கணக்கில் மறந்துவிட்டுத் திறந்தால் குப்பென்று ஒரு சிக்கு வாடை அடிக்குமே, அதிலிருந்துதான் அண்ணனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் ஒன்றை ஆக்சிஜன் தாக்குகிறது. கெட்டுப்போன அந்த மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கிறது, அது அடுத்ததைக் கெடுக்கிறது. சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் செல்லின் சவ்வுகளில் நடப்பதும் இதே வேதிவினைதான். உயிருள்ள செல்லுக்குள், 37 டிகிரி சூட்டில், இரவும் பகலும் நடக்கிறது.

தொடக்கம் மைட்டோகாண்ட்ரியாவில். செல்லின் அடுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கொழுப்பை எரிக்கும்போது எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர வேண்டும். விறகை அளவுக்கு மீறித் திணித்தால் அடுப்பு புகைவதுபோல, தாங்க முடியாத அளவுக்குக் கொழுப்பு வந்தால் சில எலெக்ட்ரான்கள் நடுவழியிலேயே ஒழுகி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. சூப்பராக்சைடு பிறக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. பக்கத்தில் இரும்பு தனியாக அலைந்துகொண்டிருந்தால் அந்தப் பெராக்சைடு, எதையும் விட்டுவைக்காத ஹைட்ராக்சில் ரேடிக்கலாக மாறுகிறது.

செல்லும் சும்மா இருப்பதில்லை. குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறைக் குவித்து வைத்திருக்கிறது. கேட்டலேஸ் போன்ற நொதிகளும் காவலுக்கு உண்டு. காவலால் சமாளிக்க முடியாத அளவுக்கு வரத்து போகும்போதுதான் அதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். கெட்டுப்போன கொழுப்பின் துணுக்குகள் கல்லீரலில் குடியிருக்கும் குப்ஃபர் என்ற காவல் செல்களை உசுப்பிவிடுகின்றன. அவை அழற்சியைக் கிளப்புகின்றன. இதையெல்லாம் கேட்டு நட்சத்திர வடிவ செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நூற்கத் தொடங்குகின்றன. அந்த நார் வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் கடைசியில் நிற்பது கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ்.

இவ்வளவு கேட்டதும் அண்ணன் அந்தப் பச்சைக் குளிகை அட்டையை என் பக்கம் தள்ளினார். “அப்போ சங்கிலியை அறுக்கிற மருந்து இதுதானே?”

ஆமாம், ஆக்சிஜனின் இந்தத் தாக்குதலைத் தடுக்கும் பொருளைத்தான் ஆன்டி-ஆக்சிடன்ட் என்கிறோம்; வைட்டமின் ஈ செய்வது அந்த வேலையைத்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

கல்லீரல் வளர்வதற்கும் கொஞ்சம் புகை வேண்டும்

1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம், பத்து நாளில் மிச்சமிருந்த மடல்கள் பெருத்துப் பழைய எடைக்கு வந்துவிட்டன. வெட்டின மடல் திரும்ப முளைப்பதில்லை. இருப்பது பருத்து இல்லாததன் வேலையையும் எடுத்துக்கொள்கிறது. இன்று உயிருள்ளவர் தன் கல்லீரலில் பாதிக்கு மேல்கூடத் தானம் கொடுத்துவிட்டு நல்லபடியாக வாழ முடிகிறது என்றால், அடிப்படை இந்தக் குணம்தான். இதை வகுப்பில் இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த வளர்ச்சியில் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் வேலை இருக்கிறது. வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் வாசலில் வந்து ஒட்டும்போது செல் தானாகவே கொஞ்சம் பெராக்சைடை உண்டாக்கிக்கொள்கிறது. ‘வளர்’ என்ற சேதியை அணைத்துவிடும் நொதிகள் சில உண்டு. அவற்றை அந்தப் பெராக்சைடு சற்று நேரம் கட்டிப்போடுகிறது. ஆகப் பெராக்சைடு குடம் குடமாக வந்தால் நஞ்சு, துளியாக வந்தால் சேதி.

சூரிச்சில் உள்ள ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் இந்த இரண்டு பக்கத்தையும் எலிகளில் காட்டினார்கள். ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான செல்லின் காவலை முடுக்கிவிடும் பிரதானச் சுவிட்சு என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம். அது இல்லாத எலிகளில் கல்லீரல் மறுவளர்ச்சி தாமதமானது என்று 2008-இல் எழுதினார்கள். அழுத்தம் ஏறி, இன்சுலின் சேதி செல்லுக்குள் சரியாகப் போகவில்லை. சரி, அப்படியானால் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்தால் வளர்ச்சி வேகமாகுமா? 2014-இல் அதையும் பார்த்தார்கள். அப்போதும் தாமதம்தான், செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகத் தயங்கின, கூடுதலாகச் செத்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு எழுதிவிட முடியாது. ஆனாலும் ‘ஆன்டி-ஆக்சிடன்ட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கு கல்லீரலிடம் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக நான் எதையும் படித்ததில்லை.

அதனால் மேசையில் இருந்த ஒவ்வொன்றையும் பற்றி நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். இது அடுப்பில் திணிக்கிற விறகைக் குறைக்கிறதா, இல்லை கிளம்பிவிட்ட புகையை மட்டும் விசிறிவிடுகிறதா?

மாத்திரை உண்மையிலேயே ஜெயிக்கும் இடம்

ஆன்டி-ஆக்சிடன்ட் மருந்தே உதவாது என்று சொல்லிவிட்டால் அது பொய். பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவருக்குக் கொடுக்கும் என்-அசிட்டைல்சிஸ்டைன் கல்லீரல் மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. பாராசிட்டமாலில் ஒரு சின்னப் பங்கை கல்லீரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. சாதாரண அளவில் குளூட்டாதயோன் அதைப் பிடித்து ஒட்டி வெளியே அனுப்பிவிடும். அளவு மீறும்போது குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகிறது. நஞ்சு மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களிலேயே போய் ஒட்டுகிறது. என்-அசிட்டைல்சிஸ்டைன் அந்தக் கையிருப்பை மறுபடி நிரப்பும் சரக்கு. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். தேறி எழும்போது தழும்பு கூடப் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

இங்கே ஏன் ஜெயிக்கிறது என்று பாருங்கள். நஞ்சு ஒரே தடவை வந்தது. குறைந்துபோன பொருள் இன்னதென்று தெரியும். மருந்து கொடுக்க வேண்டியது சில மணி நேரமோ சில நாளோதான். ஃபேட்டி லிவரில் இந்த மூன்றுமே இல்லை. நாளைக்கு மூன்று வேளை விறகு வந்துகொண்டே இருக்கிறது, வருஷக்கணக்கில்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுவை உடைக்கும் சி.ஒய்.பி.2.ஈ.1 என்ற நொதி தினசரிக் குடியால் பெருகுகிறது; ரேடிக்கல்களையும் கூடவே கக்குகிறது; பாராசிட்டமாலை நஞ்சாக்குவதிலும் அதற்குப் பெரிய பங்குண்டு. குடி நிற்காதவரை கீழே வரும் ஒப்பீடு எதற்கும் பயனில்லை. நிறுத்துவதற்கே மருத்துவ உதவி தேவைப்படும், வெட்கப்படாமல் கேளுங்கள்.

எடை

அண்ணனுக்குப் பிடிக்காத சமாசாரம் இது என்று தெரிந்தேதான் முதலில் எடுத்தேன்.

கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்காவில் ஐசோடோப் அடையாளமிட்டு அளந்தார்கள். 2005-இல் வெளியான அந்தக் கணக்குப்படி சுமார் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்து இறங்குவது. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் புதிதாகச் செய்துகொள்வது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வருவது 15 சதவீதம்தான். ஒன்பதே பேரிடம் அளந்தது, ஆனாலும் பாதை தெளிவாகத் தெரிகிறது. அண்ணி அதற்கு முந்தைய ஒரு மாதமாகச் சமையலில் எண்ணெயைப் பாதியாகக் குறைத்திருந்தார். அண்ணனோ கடையில் நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ராத்திரி பத்தரை மணிக்கு ஐந்து தோசை. 15 சதவீதத்தின் மேல்தான் வீடு முழுக்கக் கவனம் இருந்தது. 26-ஐயும் 59-ஐயும் யாரும் தொடவில்லை.

எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கியூபாவில் ஹவானாவில் நடந்தது; 2015-இல் வெளியானது. கொழுப்போடு அழற்சியும் சேர்ந்திருந்த 293 பேர். மருந்து கிடையாது. சாப்பாட்டுக் குறைப்பும் நடையும் மட்டும், 52 வாரம். ஆரம்பத்திலும் முடிவிலும் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள். எடையில் 5 சதவீதம்கூடக் குறையாதவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் அழற்சி மறைந்தது. 5 முதல் 7 வரை குறைத்தவர்களில் 26 சதவீதம். 7 முதல் 10 வரை, 64. பத்துக்கும் மேல் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு மறைந்தது. அவர்களில் 45 சதவீதம் பேருக்கு விழுந்த நார்கூடப் பின்வாங்கியது. விறகு நின்றதும் கல்லீரல் தானே தன்னைச் சீர்செய்துகொண்டது. இந்த 45 என்ற எண்ணை அண்ணனுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 293 பேரில் 10 சதவீத எடையைக் குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அதனால்தான் மேசையில் டப்பாக்கள் வந்து சேர்கின்றன. எனக்கு அதில் யார்மேலும் கோபம் இல்லை. பாத்திரக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘எடையைக் குறை’ என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புவது அறிவுரையே ஆகாது. எந்த வேளையில், எதை, எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும்.

இன்னொன்று, அவசரப்பட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடுகிறது. நடை, எடை தூக்கும் பயிற்சி இரண்டும் எடை இறங்காதபோதும் கல்லீரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். ஆக முள் அசையவில்லை என்று நடையை நிறுத்த வேண்டாம்.

வைட்டமின் ஈ

டப்பாக்களில் உண்மையான சான்று உள்ளது இதற்குத்தான். 2010-இல் அமெரிக்காவில் வெளியான பிவென்ஸ் ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 247 பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் திசுப் பரிசோதனையில் அழற்சி உறுதியானது. நாளைக்கு 800 யூனிட் வைட்டமின் ஈ, 96 வாரம். வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 43 சதவீதம் பேரின் கல்லீரல் தேறியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் நார் விழுந்தது குறைந்ததாக நிரூபணம் ஆகவில்லை. நீண்ட கால விதியைத் தீர்மானிப்பது அந்த நார்தான்.

சங்கிலியை அறுக்கிறது, சரி. விறகு அப்படியே இருக்கிறது.

800 யூனிட் என்பது சாப்பாட்டில் கிடைக்கும் அளவே இல்லை, அது மருந்து. மருந்துக்குரிய கணக்கோடு பார்க்க வேண்டும். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த செலெக்ட் ஆய்வில் நாளைக்கு 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-இல் தெரிந்தது. மூளையில் ரத்தக்கசிவு வகைப் பக்கவாதம் கொஞ்சம் கூடுகிறது என்று வேறு தொகுப்பாய்வும் காட்டியது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தானாகத் தொடவே கூடாது. இன்னொரு சின்ன விஷயம்: பிவென்ஸில் கொடுத்தது இயற்கை வடிவ வைட்டமின் ஈ. கடை அட்டைகளில் பெரும்பாலும் செயற்கை வடிவமான டோகோஃபெரில் அசிட்டேட். அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

எனவே என் கணக்கில் வைட்டமின் ஈ யாருக்கு? திசுப் பரிசோதனையில் அழற்சி உறுதியாகி, சர்க்கரை நோய் இல்லாமல், எடையைக் குறைக்க முயன்றும் எஸ்.ஜி.பி.டி. இறங்காதவருக்கு, கல்லீரல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால். ஸ்கேனில் ‘கிரேடு 2’ என்று வந்த மறுநாளே கடையில் கேட்டு வாங்குகிறவருக்கு அல்ல. அண்ணனிடம் அட்டையை எடுத்து வைத்துவிடச் சொன்னேன்.

மில்க் திசில்

மத்தியதரைக் கடல் பக்கத்து முட்செடி. விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின் சோதனைக் குழாயில் நல்ல ஆன்டி-ஆக்சிடன்ட்தான். மனிதரிடம் பலன் மெலிந்துபோகிறது. அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு வழக்கத்தைவிட அதிக அளவில் கொடுத்தும் எஸ்.ஜி.பி.டி. இறங்கவில்லை, இது 2012. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தில் ஃபேட்டி லிவர் அழற்சி உள்ள 99 பேருக்கு 48 வாரம் கொடுத்தார்கள். முக்கிய அளவுகோலில் 32.7 சதவீதம் பேர் தேறினார்கள், வெற்று மாத்திரையில் 26. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. நார் விஷயத்தில் சின்ன நம்பிக்கைக் கீற்று தெரிந்தது, பெரிய ஆய்வு வேண்டும் என்று அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். கெடுதல் அதிகம் இல்லை. ஆனால் மாதாமாதம் அந்த டப்பாவுக்குப் போகும் பணத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

கீழாநெல்லி

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. எனக்குப் பதினோரு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அம்மா விடிகாலையில் கீழாநெல்லியை வேரோடு அலசி, அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார். அந்தப் பச்சை வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. மூன்று வாரத்தில் எழுந்து ஓடினேன். தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்பதைப் பட்டப்படிப்புக்கு வந்த பிறகுதான் படித்தேன். கல்லீரல் வளர்ந்து தன்னைச் சரிசெய்துகொண்டது. அம்மா பக்கத்தில் இருந்து மோரும் ஓய்வும் கொடுத்தார், அதுவும் சிகிச்சைதான்.

கீழாநெல்லியை விஞ்ஞானம் கண்டுகொள்ளவே இல்லை என்பது சரியில்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க் ஆகியோர் சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி சுமந்திருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அந்த ஆய்வு நேர்மையானது, தேடலும் சரியானது. ஆனால் அது வைரஸுக்கானது. கொழுப்புக் கல்லீரலுக்குக் கீழாநெல்லி என்று சொல்ல அதில் ஆதாரம் இல்லை.

கொஞ்சமாக, உணவுபோலச் சாப்பிடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. மஞ்சள் காமாலை வந்தவர் ரத்தப் பரிசோதனையே செய்யாமல் பச்சிலையோடு வாரக்கணக்கில் இருப்பதுதான் பயம். ஹெபடைடிஸ் பி என்றால் நல்ல மருந்து இன்று இருக்கிறது. அதற்கான நாள் கைவிட்டுப் போய்விடக் கூடாது.

மஞ்சள் குளிகை

நான்கில் இதைத்தான் உடனே மேசையை விட்டு எடுக்கச் சொன்னேன். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, குளிகையில் அடைத்த மஞ்சள் சத்து வேறு. மஞ்சளின் சத்தான குர்குமின் சாதாரணமாகக் குடலிலிருந்து ரத்தத்தில் அதிகம் ஏறாது. அதுவே நமக்குப் பாதுகாப்பு. மிளகின் பைப்பரின் சேர்த்தால் பல மடங்கு ஏறும். டப்பாவில் இதைப் பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். மஞ்சள் குளிகையால் கல்லீரல் பாதித்த பத்துப் பேரை அமெரிக்காவில் மருந்துப் பாதிப்புகளைக் கண்காணிக்கும் குழு 2022-இல் விவரித்தது. அவர்களில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்று நெற்றியில் எழுதியிருக்காது.

கிரீன் டீ சத்து மாத்திரையும் இப்படியே. நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ அதன் கேட்டச்சின் ஏறினால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புக்காகச் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். பிறகு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் அதேபோல் 43 பேர் சேர்ந்தார்கள். பெயரில் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று இருப்பதே அடர்த்தி ஏறும்போது செல்லுக்குள் ஆக்சிஜனேற்றியாகத் திரும்பிக்கொள்ளலாம். கல்லீரல் ஏற்கெனவே தவிக்கும்போது அந்தச் சோதனையை அதன்மேல் நடத்துவானேன்?

காபி

இது மேசையில் இல்லை, அடுக்களையில் இருந்தது. நாளைக்கு இரண்டு கப் கூடக் குடிப்பவர்களுக்குச் சிரோசிஸ் ஆபத்து 44 சதவீதம் குறைவாக இருந்ததாக 2016-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. கவனித்துப் பார்த்த கணக்குதான் இது, மருந்துபோலக் கொடுத்துச் சோதித்ததில்லை. ஆனாலும் பல நாடுகளில் ஒரே பக்கம்தான் தராசு சாய்கிறது. அண்ணனின் ஆறு டீயை மூன்று ஃபில்டர் காபியாக்கி, சர்க்கரையை எடுத்துவிட்டோம். முதல் நாள் முகத்தைச் சுளித்தார். கும்பகோணம் டிகாஷன் கெட்டியாக இறங்கினால் சர்க்கரை இல்லாமலும் அதற்கொரு ருசி உண்டு என்று இப்போது அவரே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார்.

புது மருந்துகள்

ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2024 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. இது தைராய்டு ஹார்மோனின் ஒரு வாசலைக் கல்லீரலில் மட்டும் தட்டி, கொழுப்பை எரிக்கச் சொல்கிறது. அழற்சி மறைந்தவர்கள் 100 மில்லிகிராமில் 29.9 சதவீதம், வெற்று மாத்திரையில் 9.7. நாரும் சிலருக்குக் குறைந்தது. 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைட் ஊசியையும் இதே நோய்க்கு அனுமதித்தார்கள், அதில் 62.9 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்தது, வெற்று ஊசியில் 34.3. செமாகுளூட்டைட் நேரடி ஆன்டி-ஆக்சிடன்ட் அல்ல. பசியையும் எடையையும் இறக்குகிறது. இரண்டுமே விறகைக் குறைக்கும் பக்கத்து மருந்துகள் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இவை நார் நடுத்தரமாகவோ அதற்கு மேலோ விழுந்து, இன்னும் சிரோசிஸ் ஆகாதவர்களுக்கு. அண்ணன் அந்தக் கூட்டமா என்பதை ஒரு காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். ஃபிப்-4 என்ற கணக்கு: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 46 × 52 = 2392. தட்டணு 220 ஆயிரம், எஸ்.ஜி.பி.டி. 88-இன் வர்க்கமூலம் 9.38, பெருக்கினால் 2064. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 1.16. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய நார் இருக்கும் வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே என்றால் தாமதிக்காமல் கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். நடுவில் என்றால் கல்லீரலின் விறைப்பை அளந்து நாரைக் கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன். ஸ்கேன் காகிதத்தில் வரும் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது, நாரை அல்ல. ‘கிரேடு 1-தானே’ என்று விட்டுவிட்டவர்களிலும் நார் முற்றியவர்கள் உண்டு, ‘கிரேடு 3’ என்று கேட்டுத் தூக்கம் தொலைத்தவர்களிலும் நாரே விழாதவர்கள் உண்டு. எந்த டப்பாவையும் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் இது சரியாக வராது.

அண்ணன் எடுத்த முடிவு

ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது. அண்ணி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். 84 கிலோவில் ஏழு சதவீதம் என்றால் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பத்து என்றால் 8.4 கிலோ. முதல் இலக்கு 78 என்று மேலே பெரிதாக எழுதினார். தோசை ஐந்திலிருந்து இரண்டு, எட்டு மணிக்குள், கடைக்கே டிபன் கேரியரில். மத்தியானம் சோறு ஒரு கிண்ணம், பொரியல் இரண்டு கிண்ணம், கூடச் சுண்டலோ முட்டையோ மீனோ. காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தில் நாற்பது நிமிஷ நடை. மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை. நொதி இறங்காவிட்டால் கல்லீரல் மருத்துவரிடம் போய் வைட்டமின் ஈ பற்றி அவரிடமே கேட்பது. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை இரண்டும் அந்த வாரமே. இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது.

அம்மாவிடம் போனில் பேசியது நான்தான். “அண்ணே கீழாநெல்லியைப் பத்திரமா வச்சிருக்காரும்மா, தோட்டத்துல நட்டிருக்காரு” என்றேன். அதுவும் உண்மைதான்; வேரோடு வந்த கட்டில் இரண்டு செடி பிழைத்துக்கொண்டன.

மூன்று மாதம் கழித்து எடை 79.5. எஸ்.ஜி.பி.டி. 54. இலக்குக்கு இன்னும் ஒன்றரைக் கிலோ. தை மாதம் கல்யாண விருந்துகள் வரிசையாக வருகின்றன என்று கவலைப்பட்டு நேற்றுப் போன் செய்தார். பந்தியில் பாயசத்தை மட்டும் விட்டால் போதுமா, அப்பளத்தையும் விடணுமா என்று கேட்டார். அப்பளத்தைச் சாப்பிடுங்கண்ணே என்று சொன்னேன்.